அடுத்த போர்ஷனுக்குக் கேட்கும்

(மயிலாப்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை அறிமுகம் செய்த நண்பர் 'இலக்கிய ஆய்வாளர்' என்று ஒரு பட்டம் கொடுத்தார். அதை மரியாதையாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் வாசகன். தி.நகரில் வாடகை வீடுகளில் வளர்ந்து, இப்போது அடையாறில் இருக்கிறேன். புத்தகம் வாங்கவும், வாங்கியதைப் பற்றி வாய் ஓயாமல் பேசவும் மயிலாப்பூருக்கு வருகிறவன். அண்மையில் படித்தவை சில, திரும்பப் படித்தவை சில என்று நாவல்களும் கவிதைத் தொகுப்புகளுமாகக் கையில் ஒரு கட்டு இருக்கிறது. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயங்களைச் சொல்லச் சொன்னார்கள். அபிப்பிராயத்துக்கு என்ன பஞ்சம்!

நம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாவலைப் பாராட்ட வேண்டுமென்றால், 'குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார்' என்போம். பிடிக்கவில்லையென்றால், 'ரொம்பக் கத்தறார்' என்போம். அடங்கின குரல் என்றால் உயர்ந்த இலக்கியம், உரத்த குரல் என்றால் மட்டு. லஸ் முனையிலிருந்து பனகல் பார்க் வரை இந்த அளவுகோல்தான் செல்லுபடி. என் பையிலும் அதுதான் இருக்கிறது. இன்று அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார் என்றால் எதற்காகத் தாழ்த்துகிறார்? இதைக் கேட்காமல் நடை, அழகியல் என்று பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு இப்போது ருசியில்லை.

அசோகமித்திரனிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் வேறு யாரிலிருந்து தொடங்குவது?

'தண்ணீர்' 1973இல் வந்த நாவல். ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளெல்லாம் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்காகத் தெருத் தெருவாக ஜனங்கள் நின்றபோது, பலரும் அலமாரியிலிருந்து இந்த நாவலை எடுத்தார்கள். 'அப்பவே எழுதிட்டார் பாருங்கோ' என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடில்லை. அசோகமித்திரன் பஞ்சாங்கம் கணிக்கவில்லை. தன் கண்ணெதிரே குடத்தோடு நின்றவர்களைப் பார்த்து எழுதினார். அவர்கள் ஐம்பது வருஷம் கழித்தும் நிற்கிறார்கள் என்றால் அது அவருடைய தீர்க்கதரிசனம் ஆகாது. நம்முடைய நிர்வாக லட்சணம்.

தி.நகரே ஓர் ஏரியின்மேல் கட்டிய ஊர். 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, தியாகராயர் பெயரை வைத்தார்கள். ஏரியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் அடிபம்பில் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாவலில் வருவதை நான் அந்தப் பக்கத்துத் தெருவாகத்தான் வாசிக்கிறேன். அசோகமித்திரன் தி.நகரில் பல்லாண்டு வாழ்ந்தவர். ஆனால் இந்த ஏரிக் கதையை அவர் கையில் எடுப்பதில்லை. வேறு எழுத்தாளருக்கு இது கிடைத்திருந்தால் பத்துப் பக்கம் வரலாறு, அதற்கு மேல் ஒரு பெருமூச்சு என்று வந்திருக்கும். இவருக்கு இரண்டு குடம், ஒரு வாளி, முறை வருவதற்குள் நின்றுபோகும் குழாய், சாக்கடை கலந்து வரும் தண்ணீர், இவை போதும்.

ஜமுனா, அவள் தங்கை சாயா. ஜமுனாவை சினிமா நடிகையாக்குகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பாஸ்கர் ராவ் என்பவன் அவளை உபயோகித்துக்கொள்கிறான். சாயாவின் கணவன் ராணுவத்தில். அம்மா மனநிலை பிசகி உறவினர் வீட்டில். பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. இத்தனை துயரம் இருந்தும் புத்தகத்தில் யாரும் பெருங்குரலெடுத்து அழுவதாக என் காதில் விழவில்லை. இதை அசோகமித்திரனின் நடை என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு வேறு காரணம் தெரியும்.

ஒரு வீட்டில் நாலு போர்ஷன். நடுவில் அரைச் செங்கல் சுவர், சில இடத்தில் அதுவும் கிடையாது, பலகைத் தடுப்பு. முற்றத்தில் ஒரே குழாய். மாடியில் வீட்டுக்காரர். அந்த வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதென்றால் முதலில் ரேடியோவைப் பெரிதாக வைப்பார்கள். அழ வேண்டியவர்கள் குளிக்கும் அறைக்குப் போவார்கள், அதுவும் பின்னால் யாரும் வாளியோடு காத்திருக்காத நேரம் பார்த்து. அடுத்த போர்ஷனுக்குக் கேட்கும் என்பதுதான் அந்த வாழ்க்கையின் முதல் சட்டம். வாடகைச் சீட்டில் எழுதாத ஷரத்து. வீட்டுக்காரம்மாவின் காதில் தப்பான சேதி ஒன்று விழுந்தால், அடுத்த மாதம் 'எங்க பொண்ணு பிரசவத்துக்கு வரா, எங்களுக்கே இடம் தேவைப்படறது' என்று ஆரம்பிப்பார்கள். ஜமுனா போன்ற ஒருத்திக்கு, யார் காரில் வந்து இறங்குகிறாள் என்று தெருவே பார்க்கிற ஒருத்திக்கு, குரல் எப்படி உயரும்?

டீச்சரம்மா தன் கதையை ஜமுனாவிடம் சொல்கிற இடம் இருக்கிறதே, தமிழ் நாவலில் அதற்கு நிகராக நான் வைக்கக்கூடிய உரையாடல்கள் மிகச் சில. தன்னைவிட வெகு மூத்த நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூட வேலை, தண்ணீர். ஒப்பாரி வைக்க எல்லா முகாந்திரமும் இருக்கிறது. அவள் வைப்பதில்லை. ஆறுதலும் சொல்வதில்லை. நான் இப்படி இருக்கிறேன், நீயும் இருந்து பார் என்கிற தொனி. முதலில் படித்தபோது இதை ஞானம் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். இந்த முறை அதில் கோபம்தான் அதிகம் தெரிந்தது. குரலை ஏற்ற இடமில்லாத கோபம்.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. பாஸ்கர் ராவ் சப்பென்று இருக்கிறான். அவன் வாயைத் திறந்தாலே பொய் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால், ஜமுனா ஏன் இத்தனை நாள் நம்பினாள் என்று முழுதாகப் பிடிபடுவதில்லை. இந்தக் குறை 'கரைந்த நிழல்க'ளில் கிடையாது. அது 1969. ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தவர் அசோகமித்திரன். பத்திரிகைகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று கட்டடங்கள், எதிரே மேம்பாலம். அந்தப் பாலத்துக்கு அண்ணா பெயரை வைத்தும் ஊர் ஜெமினி பாலம் என்றே சொல்கிறது. சினிமாவுக்குள் இருந்தவர் சினிமா நாவல் எழுதினால் நட்சத்திரங்களைப் பற்றி எழுதுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? இவர் புரொடக்‌ஷன் மேனேஜரில் ஆரம்பிக்கிறார். வேன் வந்ததா, டிபன் எத்தனை பேருக்கு, கையில் பணம் இருக்கிறதா. அந்த மனிதரோடு நாம் ஒட்டிக்கொள்ளும்போது அத்தியாயம் முடிந்துவிடும், கதை வேறு ஆளிடம் போய்விடும். பிறகு அவரைப் பற்றிக் காற்றுவாக்கில் சேதிதான் வரும். சுஜாதாவின் 'கனவுத் தொழிற்சாலை'யையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வேகம் என்றால் அதுதான் வேகம், மூச்சு விடாமல் படிக்கலாம். ஆனால் மூடி வைத்த பிறகு என்னோடு தங்கியது 'கரைந்த நிழல்கள்'. சினிமாவில் பணம் எப்படிக் காய்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

இந்த இடத்தில் ஜெயகாந்தன் வருவார். வராமல் இருப்பாரா? மேடையில் மீசையை முறுக்கிக்கொண்டு சிங்கம் மாதிரி பேசியவர். அடங்கின குரல்காரர்களுக்கு அவர் எப்போதும் தொந்தரவு. அவருடைய பாத்திரங்களும் வாதாடுகிறார்கள், பிரசங்கம் செய்கிறார்கள், முன்னுரையில் அவரே வந்து மிச்சத்தைப் பேசிவிடுகிறார். ஆனால் நான் இப்போது சொல்கிற விஷயத்தை அவரைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை என்று இந்தத் தடவை தோன்றியது.

உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்'. மழை நாள், அந்நியன் ஒருவனின் கார், அதில் அவனிடம் சிக்கிக்கொள்ளும் கல்லூரிப் பெண். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா குமுறுகிறாள், பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே சண்டை போட்டது. அந்த அம்மா அப்படிச் செய்திருக்கலாமா என்று ஒரு கட்சி, செய்ததுதான் சரி என்று ஒரு கட்சி. சில வருஷம் கழித்து ஜெயகாந்தன் அதே பெண்ணை எடுத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1970இல் புத்தகம், 1972இல் சாகித்ய அகாடமி விருது. நாவலில் ஒரே ஒரு மாற்றம். அம்மா அடக்கிக்கொள்வதில்லை. அலறிவிடுகிறாள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வெளியே தள்ளுகிறான். கங்கா என்கிற அந்தப் பெண்ணின் மிச்ச வாழ்க்கை, மாமாவின் தயவு, உத்தியோகம், தனிமை, காரில் வந்த பிரபுவைத் தேடிப் போவது, எல்லாமே அந்த ஓர் அலறலிலிருந்து பிறக்கிறது.

நம் விமர்சகர்கள் இந்த நாவலில் கற்பு, நவீனப் பெண், பிரபு திருந்தினானா இல்லையா என்று நிறையப் பேசியிருக்கிறார்கள். பேசட்டும். எனக்கு அதில் சுவரின் கனம் தெரிகிறது. சிறுகதையில் கேட்கவில்லை, நாவலில் கேட்டுவிட்டது. நடந்தது ஒன்றே. அது பக்கத்து வீட்டுக் காதுக்குப் போனதா இல்லையா என்பதை வைத்து ஒரு பெண்ணுக்கு இரண்டு ஜாதகம் எழுதியிருக்கிறார். நடுத்தர வர்க்கத்து ஒழுக்கத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? அதைச் சொல்ல அவர் பிரசங்கம் செய்யவும் இல்லை. பிரசங்கமெல்லாம் மற்ற பக்கங்களில்.

சரி, பழைய ஆட்களை விட்டு வெளியே வருகிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்'. க்ரியா வெளியீடு, 2018. 2020ஆம் ஆண்டுக்கான அகாடமி விருது கிடைத்தது. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது க்ரியா ராமகிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. 1974இல் க்ரியாவைத் தொடங்கி, ஒரு புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் எழுத்தாளரோடு உட்கார்ந்து பார்த்த மனிதர். 2020 நவம்பரில் கொரோனாவில் போய்விட்டார், அவருடைய தமிழ் அகராதியின் மூன்றாம் பதிப்பு வந்த அதே மாதம்.

நாவலுக்கு வருவோம். ரேவதி இன்ஜினியரிங் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், வீட்டாரை மீறி. இப்போது தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். கையில் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார். அந்தப் பணத்துக்கு அங்கே வேலையில்லை. தலைப்பு அங்கிருந்துதான். நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே நடக்கும் பேச்சு. பேச்சென்றால் கூச்சல், சாபம், புலம்பல், பழைய கணக்கு, மறுபடி அழுகை.

என் வாசக நண்பர் ஒருவர், பெரிய படிப்பாளி, 'மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்திருந்தால் காவியம்' என்றார். ஒரே கேள்வியை வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்கிறார்கள், ஒரே பதிலை அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்பது அவர் புகார். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தப் புகாரைச் சொல்ல மாட்டார்கள். அங்கே நேரம் அப்படித்தான் போகும். எப்படி ஆச்சு, எப்ப ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், எத்தனை பர்சென்ட். ஊரிலிருந்து புதிதாக ஒருவர் வந்து இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அம்மா ஒரு துளி புதிதாகச் சேர்க்கிறாள், அல்லது ஒன்றை விழுங்குகிறாள். இமையம் அந்தத் துளிகளை எண்ணி எழுதியிருக்கிறார். கத்தரித்தால் அதுதான் முதலில் போகும்.

ரேவதி உள்ளே படுத்திருக்கிறாள். அவளைப் பற்றி ஊரே வெளியே பேசிக்கொண்டிருக்கிறது. யார் பற்றவைத்தது என்று துப்பறிகிற வேலையை நாவல் செய்வதில்லை. ரவிக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார் இமையம். அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது, ஏனென்றால் அவன் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அந்த நியாயத்தால் அவளுடைய புண் ஆறவும் போவதில்லை. அங்கே யாருக்கும் ரகசியம் மிச்சமில்லை. காக்க வேண்டிய மானம் எரிந்துவிட்டது. சுவரே இல்லாத தாழ்வாரத்தில் எதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டும்? இந்தக் கூச்சல் இந்த நாவலுக்குச் சரியான சுருதி. 'ரொம்பக் கத்தறார்' என்கிற நம் அளவுகோல் இங்கே உடைந்துபோகிறது. உடையட்டும்.

தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' சிந்தாதிரிப்பேட்டை நாவல். இங்கிருந்து நாலு கிலோமீட்டர் தூரம் இருக்குமா? கூவம் கரையோரத்துக் குடியிருப்பு, ஜெபக்கூட்டம், அந்த மக்கள் பேசும் தமிழ். மெட்ராஸ் பாஷையை நாம் சினிமா காமெடியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இதில் அது காதல் பேசுகிறது, துக்கம் விசாரிக்கிறது, கர்த்தரைக் கூப்பிடுகிறது. முதல் நாவலுக்கு உரிய அவசரம் பிற்பகுதியில் தெரிகிறது, கொட்டிவிட வேண்டும் என்கிற துடிப்பு. அதை மன்னித்துவிடலாம். மயிலாப்பூரைப் பற்றி எழுதியவர்களின் பட்டியல் நம்மிடம் நீளமாக இருக்கிறது, சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு கை விரல்கூடத் தேவைப்படாது.

2023இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சென்னைக்குச் சம்பந்தமில்லாதது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம், காரு மாமாவின் சாவு, அதையொட்டிக் கூடும் உறவுகள். யார் யாருக்கு என்ன முறை என்று பின்னட்டையில் பென்சிலால் வம்சப் படம் போட்டுக்கொண்டுதான் படித்தேன். இங்கேயும் குரல் தாழ்ந்தே ஒலிக்கிறது. ஆனால் காரணம் சுவர் அல்ல. பண்ணையக்காரர் வீட்டு வாசலில் நின்று தலைமுறை தலைமுறையாகப் பேசிய குரல், தங்கள் சொந்த வீட்டுச் சாவிலும் முழுதாக நிமிர மறுக்கிறது. தி.நகர் வாடகைக்காரரின் தணிந்த குரலையும் இதையும் 'நிதானமான நடை' என்ற ஒரே சொல்லில் அடைப்பது எவ்வளவு சோம்பேறித்தனம் என்று இந்த நாவல் எனக்குக் காட்டியது.

எங்கள் அடையாறிலிருந்து தெற்கே இறங்கினால் பழைய மகாபலிபுரம் சாலை. கண்ணாடிக் கட்டடங்கள். கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' அந்த உலகத்து நாவல், 2021இல் யுவ புரஸ்கார் பெற்றது. மென்பொருள் கம்பெனி, அதில் வேலை, வேலை போய்விடுமோ என்ற பயம். இங்கே குரலுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் காலில் மியூட் போட்டுவிட்டு மேனேஜரைத் திட்டலாம், பிறகு மியூட்டை எடுத்து நல்ல ஆங்கிலத்தில் 'ஷ்யூர்' என்று சொல்லலாம். ஒண்டுக்குடித்தனத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள் என்று எனக்குப் பட்டது. தாத்தா ரேடியோவைப் பெரிதாக வைத்தார், பேரன் மியூட்டை அழுத்துகிறான். நாவலில் ஆட்கள் கொஞ்சம் அதிகம், சிலரைச் சரியாகப் பார்ப்பதற்குள் லிஃப்ட் மூடிவிடுகிறது. ஆனாலும் இத்தனை லட்சம் பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிலைப் பற்றித் தமிழில் இவ்வளவு குறைவாக நாவல்கள் இருக்கும்போது, வந்ததைக் கொண்டாட வேண்டும்.

நடுவில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. இப்போது ஜனவரி என்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், மூச்சு முட்டும் கூட்டம். சந்தோஷம்தான். ஆனால் அங்கே இப்போது புத்தகத்தைப் பக்கக் கணக்கில் பேசுகிறார்கள். 'எண்ணூறு பக்கம் சார், பெரிய உழைப்பு.' உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014இல் தொடங்கி 2020இல் 26 நாவல்களாக முடிந்தது. அது ஒரு தனிப் பிறவி, அதை யாரும் பின்பற்ற முடியாது. அதைப் பார்த்துவிட்டு, நூற்றைம்பது பக்கத்துக் கதை வைத்திருப்பவர்களும் அறுநூறு பக்கத்துக்கு இழுக்கிறார்கள். 'தண்ணீர்' இன்று முதல் தடவையாக வந்தால் அதைக் குறுநாவல் போட்டிக்கு அனுப்பச் சொல்வார்கள்.

கவிதைக்கு வருகிறேன். நேரம் குறைவு, கவிதைக்கு எப்போதும் கடைசிப் பத்து நிமிஷம்தான் கிடைக்கிறது.

ஞானக்கூத்தன் மாயவரம் பக்கம் திருஇந்தளூரில் பிறந்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். 1973இல் 'அன்று வேறு கிழமை'. 2016இல் மறைந்தார். அவருடைய தொகுப்பைத் திரும்பப் படிக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன், பிறகு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அரசியல் மேடைப் பேச்சைக் கிண்டல் செய்யும் அவருடைய புகழ்பெற்ற கவிதை, 'காலவழுவமைதி', வெறும் கேலி என்று நினைப்பவர்கள் உண்டு. அவருக்கு யாப்பு அத்துபடி. உரத்த குரலை உள்ளே வாங்கி, அதே குரலில் பேசி, அதன் காற்றைப் பிடுங்கிவிடுகிறார். கத்துகிறவனைப் பார்த்து 'கத்தாதே' என்றால் அது போதனை. அவனைப் போலவே பேசிக் காட்டுவது கலை. 'சைக்கிள் கமலம்' என்று ஒன்று. ஒரு பெண் சைக்கிள் கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். ஒரு தெருவும் ஒரு காதலும் அதற்குள் இருக்கின்றன. அவருடைய பிற்காலக் கவிதைகளில் சில எனக்கு வெறும் சாமர்த்தியமாகத் தோன்றுகின்றன. அது பரவாயில்லை.

ஆத்மாநாம் சென்னைக்காரர். 1951இல் பிறந்து 1984இல், 33 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 'ழ' பத்திரிகை நடத்தியவர். உயிரோடிருக்கையில் வந்த தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு' ஒன்றுதான். அவருடைய சாவை வைத்து அவர் கவிதைகளைப் படிக்கிற வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது எரிச்சல். அந்தக் கவிதைகளில் இருப்பவன் ரொம்ப மரியாதையான, பிறரைத் தொந்தரவு செய்யக் கூசுகிற, கேலி தெரிந்த இளைஞன். அப்படிப்பட்டவன் 'ஏதாவது செய்' என்று ஒரு கவிதையில் கூச்சலிடுகிறான். அவரே பழக்கிய அமைதியான குரலில் முப்பது கவிதை படித்துவிட்டு அங்கே வந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. கவியரங்கத்தில் அதே சொற்களை வேறொருவர் சொல்லியிருந்தால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

ஞானக்கூத்தனுக்கு வாரிசு யார் என்று கேட்டால் நான் கோவைப் பக்கத்துக் கவிஞர் இசையைச் சொல்வேன். 'சிவாஜி கணேசனின் முத்தங்கள்' தொகுப்பைப் படியுங்கள். சிரிப்பு மூட்டுகிறார், சிரித்து முடிப்பதற்குள் எங்கோ குத்திவிடுகிறார். சில சமயம் அவருக்கே தன் நகைச்சுவை அலுத்துவிட்டது போலவும் தெரிகிறது. அந்தச் சமயங்களில் எழுதியவைதான் எனக்கு அதிகம் பிடித்தவை.

கடைசியாகப் பெருந்தேவி. 1998இல் 'தீயுறைத் தூக்கம்', பிறகு 'உலோக ருசி' உட்படப் பல தொகுப்புகள். எதிர்கவிதை என்று பேசுகிறவர். ஒரு தொகுப்புக்கே 'வாயாடிக் கவிதைகள்' என்று பெயர் வைத்திருக்கிறார். அதாவது, பெண்ணே மெதுவாகப் பேசு, அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று நம் பாட்டிமார் சொன்ன அத்தனைக்கும் அட்டையிலேயே பதில் எழுதிவிட்டார். உள்ளே புலம்பல் இல்லை, முழக்கமும் இல்லை. அரட்டை, குத்தல், ஃபேஸ்புக், காதல், பூனை, தத்துவம் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. கவிதை என்றால் ஒரு முகபாவம் வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு முதல் பத்துப் பக்கம் கடுப்பாக இருக்கும். விடாமல் போனால் அந்த அலட்சியத்துக்குள் எவ்வளவு கவனமான காது வேலை செய்கிறது என்பது பிடிபடும்.

இவருடைய தொகுப்புகளில் பாதிக் கவிதைகளைத் தாராளமாக எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எந்தப் பாதி என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. நான் எடுத்துவிடலாம் என்று நினைத்த பக்கங்களின் ஓரத்தைத்தான் அவர் மடித்து வைத்திருக்கிறார். கேள்வி நேரத்தில் அதைப் பற்றி அவரையே கேளுங்கள். இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், மைக் தேவைப்படாது.